வெறும் வயிறு என்றால் என்ன?

நாற்பது கட்டில். நாற்பது பேர். எண்பது கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இன்னும் பத்து நிமிஷம் பாத்துருவோம்" என்றாள் மங்கையர்க்கரசி. இதை அவள் மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு இருந்தது. வயிற்றுக்குள் மாத்திரை திறந்துகொண்டால் விளக்கு பச்சையாகும். நாற்பது விளக்கும் கோவைப்பழமாகச் சிவந்து நின்றன.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற சாலையில், நல்லுயிர் மருந்தாலையின் சோதனை வார்டு அது. விடிகாலை ஐந்து மணிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மணி ஏழு ஆகப்போகிறது.

பதினேழாம் கட்டிலில் இருந்த சங்கிலி மாஸ்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

"என்ன தாயி, இன்னைக்கு மாத்திரைக்குக் கோவமா?"

"தெரியல அண்ணாச்சி."

"உள்ள போயி அது என்னதான் செய்யும்? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

மங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்க நடுக்கத்துக்கு மருந்து இருபது வருசமாவே இருக்கு. ஆனா அது சோத்தோட சேந்தா ஆளைத் தலைசுத்திக் கீழ தள்ளிரும். அதனால டாக்டருக எழுதவே பயந்தாக. நான் அந்த மருந்துக்கு ஒரு தோல் செஞ்சேன். நாக்கு மாதிரி ருசி பாக்குற தோல். வயிறு காலியா இருந்தா மட்டும் தெறக்கும். சோறு கெடந்தா மூடிக்கிட்டு அப்படியே வெளிய போயிரும்."

"கெட்டிக்காரத் தோலுதான். இப்ப என் வயித்துல ஒண்ணும் இல்லையே. நேத்து ஏழு மணிக்குச் சாப்பிட்டது. அதுக்கப்புறம் பச்சத் தண்ணிதான் குடுத்தாக."

"அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல" என்றாள் மங்கை.

புரியாததற்குக் காரணம் இருந்தது. 'கைத்திடம்' என்று பெயர் வைத்த இந்த மாத்திரையை ஆறு மாதமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டில் போட்டுவந்தார்கள். அத்தனை பேருக்கும் திறந்தது, அத்தனை பேர் கையும் நின்றது. ஒருவருக்குக்கூடத் தலைசுற்றவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மருந்து உலகத்தில் அப்படி ஒரு முடிவு வருவது குதிரைக்குக் கொம்பு முளைப்பது போலத்தான். சங்கிலி அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர். கை நடுக்கத்தால் இரண்டு வருஷம் மூடிக்கிடந்த பரோட்டாக் கடையை மறுபடி திறந்தவர். மாவை வீசினால் கல்லா மேசை வரைக்கும் காற்று வரும் என்பார்கள்.

ஆனால் கடைக்கு மருந்து வரவேண்டுமானால் ஒப்புதல் குழு தலையாட்ட வேண்டும். வீட்டில் நடந்ததை நாங்கள் கண்டோமா, அதே ஆட்களில் நாற்பது பேரை வார்டில் படுக்க வைத்து, கேமரா முன்னால், எங்கள் விதிப்படி கொடுத்துக் காட்டுங்கள் என்றது குழு. காட்டினார்கள். லட்சணம் இதுதான்.

ஆலைத் தலைவர் தவமணி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே பித்த உடம்புக்காரர். இப்போது முகம் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகியிருந்தது.

"வியாழக்கிழமை குழு வருது மங்கை. வீட்டுல இருநூத்திப் பன்னெண்டுக்கு இருநூத்திப் பன்னெண்டு. கேமரா முன்னாடி நாப்பதுக்கு சைபர். என்ன சொல்லுவாங்க? முதல் சோதனையே நாம உக்காந்து எழுதினதுன்னு சொல்லுவாங்க."

"ஒரு எழுத்துகூட நாம எழுதல சார்."

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கு? மருந்தை மொத்தமா அழிக்கச் சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்புறம் இந்த மருந்துப் பேரை எவனும் பத்து வருசத்துக்குத் தொடமாட்டான்."

மங்கைக்குத் தன் வேலையைப் பற்றிக்கூட அப்போது கவலை வரவில்லை. சங்கிலியிடம் பதினோரு மாத்திரைதான் மிச்சம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் கல்லுக்கு முன்னால் எப்படி நிற்பார் என்பதுதான் கவலை.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு அவள் சங்கிலி வீட்டு வாசலில் நின்றாள்.

"வீட்டுல எப்படிப் போடுவீகளோ அப்படியே போடுங்க அண்ணாச்சி. நான் ஒருத்தி இருக்கேங்கிறதையே மறந்துருங்க. ஓரமா உக்காந்து பாக்குறேன்."

"அதுக்கென்ன, வாங்க" என்றார் சங்கிலி. அவர் மனைவி குருவம்மாள், ஆலையிலிருந்து பெரிய ஆள் வந்திருக்கிறதே என்று இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

மங்கை ஒவ்வொன்றையும் நேரம் போட்டுக் குறித்தாள். படுத்த இடம், எழுந்த விதம், பல் தேய்த்த பொடி, தண்ணீர் பிடித்த குடம். குருவம்மாள் டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். சங்கிலிக்கு மட்டும் அவளே டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாள், கை நடுக்கத்தில் பாதி கீழே போய்விடும். பிறகு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். மங்கையின் கையிலிருந்த கருவியில் பதினெட்டாவது நிமிஷம் பச்சை விளக்கு எரிந்தது. அரை மணி நேரத்தில் சங்கிலியின் கை அடங்கிவிட்டது. அவர் ஊசியில் நூல் கோத்துக் காட்டினார்.

"பாத்தீகளா? நம்ம வீட்டுல அதுக்குக் கோவமே வராது."

மங்கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் காரணமா? பல்பொடி காரணமா? குறித்ததை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஆத்தாடி, வெறும் வயித்தோடயா போறீக?" என்று குருவம்மாள் வாசலை மறித்தாள். "ரெண்டு இட்லி வச்சுட்டுப் போங்க."

"இல்ல மதினி, அதான் டீ குடிச்சிட்டேனே."

"டீ என்னங்க டீ! அதெல்லாம் ஒரு கணக்கா? வெறும் வயிறுதான அது."

மங்கை ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த? இட்லியா?"

"அண்ணாச்சி!" மங்கை உள்ளே ஓடினாள். "தினமும் மாத்திரைக்கு முன்னாடி டீ குடிப்பீகளா?"

"குடிக்காம?"

"ஆறு மாசமா ஃபாரத்துல என்ன எழுதினீக? 'மாத்திரைக்கு முன் எதுவும் சாப்பிட்டீர்களா?' இல்லைன்னு எழுதியிருக்கீக!"

"சாப்பிடலையே."

"டீ?"

"டீ குடிச்சேன். நீங்க கேட்டது சாப்பிட்டீகளான்னுதான" என்றார் சங்கிலி, எந்தக் குற்றமும் அறியாத முகத்தோடு. "குடிச்சீகளான்னு கேட்டிருந்தா குடிச்சேன்னு எழுதியிருப்பேன். நான் ஏன் தாயி பொய் சொல்லப் போறேன்?"

குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வார்டில் விதிப்படி வெறும் தண்ணீர். வீட்டில் வழக்கப்படி டீ. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று முழுக்க ஆலையில் ஆறு பேர் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டார்கள். நூற்றுத் தொண்ணூறு பேர் டீ. இருபத்திரண்டு பேர் காபி. ஒன்றும் குடிக்காதவர் ஒருவரும் இல்லை. அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் டீயோடு இரண்டு ரஸ்க்கும் தின்றிருந்தார். "ரஸ்க்கை டீயில முக்கித்தான சாப்பிட்டேன், அப்ப அது டீதான?" என்று அவர் கேட்டதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் மாத்திரை அரைமணி பிந்தித் திறந்திருந்தது.

வியாழக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. ஐந்து பேர். தலைவர் ஹேமாவதி சென்னைக்காரர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் எதிரில் இருப்பவருக்கு வேர்க்கும் என்று பேச்சு. பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மங்கை டீ விஷயத்தைச் சொல்லி முடித்தாள். ஹேமாவதி கண்ணாடியைக் கழற்றினார்.

"படிவத்துல 'எதுவும் சாப்பிடவில்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இருநூத்திப் பன்னெண்டு பேரும் பொய் சொன்னாங்கன்றீங்களா?"

"யாருமே பொய் சொல்லல மேடம்."

"அப்புறம்?"

மங்கை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "மேடம், நீங்க சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா. பரவால்ல, முடிச்சிட்டே போலாம்."

"நீங்க சார்?"

"எங்க? காலையில கிளம்பினது. ரயில்ல ரெண்டு பன் சாப்பிட்டதோட சரி. இன்னும் சாப்பிடல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூன்றாமவரும் இல்லை என்றார். நான்காமவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார், வாயில் வடை இருந்தது. ஐந்தாமவருக்குத்தான் முதலில் உறைத்தது. தனக்கு முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் தட்டு இருந்தது. ஆளுக்கு இரண்டு உளுந்து வடை, சட்னி, ஒரு டம்ளர் டீ. வடைகள் முக்கால்வாசி காணாமல் போயிருந்தன.

ஹேமாவதி தன் தட்டைப் பார்த்தார். அவர் வடையில் ஒன்று இல்லை. அவரே முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டுமா? தவமணி ஒரு வாரத்துக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தார்.

"சரி, ஒத்துக்கறேன்" என்று ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஜனங்க டீயைக் கணக்குல சேர்க்கறதில்ல. ஆனா எனக்கு ஒண்ணு புரியலையே. உங்க மாத்திரை ஏன் சேர்க்கல?"

சிரிப்பு நின்றது.

"ருசி பார்க்கற தோல்னீங்க. வயித்துல டீ இருக்குன்னா அதுக்குத் தெரிஞ்சிருக்கணும். மூடிக்கணும். இது என்னடான்னா டீ இருந்தா திறக்குது, இல்லேன்னா திறக்கல. இதுதான் வெறும் வயிறுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

தோலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு மனிதரின் வெறும் வயிற்று நீர் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலை ஏழு மணிக்கு ஒருவரிடமிருந்து எடுத்தார்கள். கோப்பில் 'தன்னார்வலர் ஒன்று' என்று மட்டும்தான் இருக்கும். பெயரைச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் தன்னார்வலர் ஏதோ தப்பு செய்துவிட்டார் மேடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்குத் தெரியும். அன்று காலை ஆலை வாசல் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வயிற்றுநீர் எடுத்த குப்பியில் 'வெறும் வயிறு' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டவள் அவள்தான். ஊரையெல்லாம் போனில் கூப்பிட்டு டீ குடித்தீர்களா என்று அதட்டியிருக்கிறாள். தன்னைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவே இல்லை.

"அது என் வயிறு மேடம்" என்றாள். வெட்கத்தில் முகம் பற்றி எரிந்தது. "அன்னைக்கு நான் டீ குடிச்சிருந்தேன். கணக்குல சேக்கணும்னு எனக்கும் தோணல. தப்பு ஜனங்க மேல இல்ல, என் மேலதான்."

தவமணி தலையில் கை வைத்துக்கொண்டார். ஹேமாவதி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இருந்திருந்தா இந்த மருந்தை நான் இங்கேயே மூடியிருப்பேன்" என்றார் கடைசியில். "மூணு மாசம் தர்றேன். உண்மையிலேயே காலியான ஒரு வயித்தை வெச்சு அதுக்குப் புதுசா பாடம் சொல்லிக் குடுங்க. வார்டுல நாற்பதும் பச்சையாகணும். அதுவரைக்கும் பழைய மாத்திரை ஒண்ணுகூட வெளியில இருக்கக்கூடாது."

ஆக, சங்கிலியிடம் மிச்சம் இருந்த மாத்திரைகளையும் வாங்கி வரவேண்டியதாயிற்று. மங்கையே போனாள். அவர் டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்தினார்.

"மூணு மாசந்தான தாயி. ரெண்டு வருசம் மூடிக்கெடந்த கடை" என்றார். அவள் அழுதுவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவருக்கு இருந்த பயத்தை அவர் சொல்லவில்லை, மங்கைக்கு அது தெரிந்தது.

காலியான வயிற்றைத் தேடிய கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆலையில் முந்நூறு பேர். ஒரு வாரம் காலையில் ஒன்றும் குடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டதற்கு, முந்நூறு பேரும் மாடு புதுக் கொட்டிலைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். இரண்டு பேர் முயற்சி செய்து, இரண்டாம் நாளே ஒருவருக்கொருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் கை தூக்கியவர் தவமணி.

"எனக்குப் பித்தம். சின்ன வயசுலேர்ந்து டீ, காபி எதுவும் ஆகாது. ஒன்பது மணிக்குத்தான் வாயில தண்ணியே படும்" என்று மார்பை நிமிர்த்தினார். பித்தத்தைப் பற்றி ஒருவர் பெருமையாகப் பேசி மங்கை கேட்டது அதுதான் முதல் தடவை. கேமரா முன்னால் அவர் வயிற்றுநீரை எடுத்து, புதுத் தோலுக்குப் பாடம் நடத்தினார்கள். தோலுக்கு ஒரு பாடம்தான் ஏறும். ஏறியது ஏறியதுதான், பிறகு மாற்ற முடியாது.

மூன்றாம் மாதம் அதே வார்டு, அதே நாற்பது கட்டில். ஹேமாவதி நேரிலேயே வந்து நின்றார். இருபதாவது நிமிஷம் பதினேழாம் கட்டிலில் பச்சை விழுந்தது. பிறகு வரிசையாக, தெருவிளக்கு எரிகிற மாதிரி. நாற்பதும் பச்சை! ஹேமாவதி அங்கேயே கையெழுத்துப் போட்டார். தவமணிக்கு மாலை போட்டார்கள். அவர் வயிற்றுக்கும் சேர்த்து இரண்டு மாலை.

மருந்து கடைக்கு வந்தது. பெட்டியில் 'வெறும் வயிற்றில் போடவும்' என்று அச்சடித்திருந்தது. முதல் பெட்டியை மங்கையே கொண்டுபோய்ச் சங்கிலியிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கடை திறப்பு என்று அவர் நோட்டீஸ் அடித்தார்.

புதன்கிழமை காலையில் அவர் ஆலை வாசலில் வந்து நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"தாயி, தெறக்கலையே."

மங்கைக்குத் திக்கென்றது. "வெறும் வயித்துலதான போட்டீக?"

"ஆமா, வெறும் வயிறுதான்."

"டீ?"

சங்கிலி வேறெங்கோ பார்த்தார். "டீ குடிச்சேன்."

"அண்ணாச்சி! இம்புட்டுப் பேசினோமே! டீயும் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீக. நானும் இருந்து பாத்தேன் தாயி. மொத நாள் சரி. ரெண்டாம் நாள் தலைவலி மண்டையப் பொளந்துருச்சு. மூணாம் நாள் குருவம்மாளைத் திட்டுனேன். முப்பது வருசத்துல அவளை நான் திட்டுனதில்ல. அவ அழுதுக்கிட்டே டீயக் கொண்டாந்து வச்சா, நானும் குடிச்சிட்டேன்." அவர் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை நடுங்குறவனுக்குக் காலையில இருக்குற ஒரே சந்தோசம் அந்த ஒரு டம்ளர். அவ பிடிச்சுக் குடுக்க, நான் குடிக்கிறது. அதையும் விட்டுட்டா கையை வச்சு என்ன செய்ய?"

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து, தேனியிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, எல்லாம் ஒரே பல்லவி. வெறும் வயிற்றில்தான் போட்டோம், திறக்கவில்லை.

அவள் அன்றைக்கே சென்னைக்குப் போய் ஹேமாவதி முன்னால் உட்கார்ந்தாள்.

"மேடம், நாம திருத்தினோமே, அதுதான் தப்பு."

"எப்படி?"

"புது மாத்திரை வார்டுக்குச் சரி. ஆனா வார்டுல யாரும் குடும்பம் நடத்தல. நான் தப்பா எடுத்த வயிறு இருக்கே, அதுதான் நம்ம ஊரோட வயிறு. தவமணி சாருடையது அவர் ஒருத்தரோட வயிறு. அப்புறம், ஆபத்துன்னு சொல்ல ஒண்ணும் இல்ல மேடம். டீ குடிச்சுட்டு ஆறு மாசம் இருநூத்திப் பன்னெண்டு பேர் போட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் தலை சுத்தல. நாம அந்த டீ வயித்துக்கு 'வெறும் வயிறு'ன்னு பேரு வெச்சுட்டோம், அவ்வளவுதான்."

ஹேமாவதி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "ஒரு தப்பைச் சரின்னு சொல்ல என்கிட்ட வந்த முதல் ஆள் நீங்கதான்."

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு மேடம்."

"வார்டுல மறுபடி காட்டுங்க. இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரு டம்ளர் டீ. அளந்து குடுக்காதீங்க, அவங்கவங்க வீட்டு டீயைக் கொண்டு வரச் சொல்லுங்க."

கொண்டு வந்தார்கள். நாற்பது ஃபிளாஸ்க். வெல்ல டீ, சுக்கு டீ, பால் இல்லாதது, பால் மட்டும் இருப்பது, இரண்டு காபி. அந்த வார்டு அன்று கல்யாண வீடு மாதிரி மணந்தது. குருவம்மாள் ஃபிளாஸ்க்கோடு தானே வந்து, பதினேழாம் கட்டிலில் டம்ளரைப் பிடித்துக் கொடுத்தாள். பழைய மாத்திரை. நாற்பதும் பச்சை. தவமணியின் பாடம் படித்த மாத்திரை ஆஸ்பத்திரிகளுக்கு என்று முடிவாயிற்று. வீட்டுக்குப் பழையது.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. பெட்டியில் என்ன எழுதுவது?

குழுவின் சட்ட அதிகாரி விடாக்கண்டர். இந்த வகை மருந்துக்கு 'வெறும் வயிற்றில்' என்ற சொல் அட்டையில் இருந்தே தீரவேண்டும், விதி அப்படி என்றார். டீயைப் பற்றியும் எழுதியாக வேண்டுமே என்றாள் மங்கை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, நோயாளிக்குக் குழப்பம் வரும் என்றார் அவர். மங்கை எழுதிக் கொடுத்த வரியை நான்கு தடவை படித்துவிட்டு, "இது என்ன தமிழ்மா?" என்று கேட்டார்.

"இதுதான் சார் தமிழ்."

"ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம்" என்றார் ஹேமாவதி. "விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல நின்னு அறுபது பேர்கிட்ட அட்டையை நீட்டுங்க. புரியுதான்னு கேளுங்க."

கேட்டார்கள். அறுபது பேருக்கும் புரிந்தது. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுகூட அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

புதுப் பெட்டி வந்த அன்று சங்கிலியின் கடையில் கல் காய்ந்துகொண்டிருந்தது. குழு கொடுத்த அனுமதியில் அவருக்குப் பத்து நாளாகவே மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் மாவை எடுத்து ஒரு வீசு வீசினார். அது காற்றில் வேட்டி மாதிரி விரிந்து கல்லில் விழுந்தது. நடுக்கமாவது ஒன்றாவது! மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தாள்.

"அண்ணாச்சி, பெட்டியைப் பாருங்க. ஒரு வரிக்காக நாலு மாசம் அலைஞ்சிருக்கேன்."

சங்கிலி கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். ஆடாமல் அசையாமல் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"காலையில் டீ குடித்தபின், வெறும் வயிற்றில் போடவும்."

இன்னொரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தார். அதில் என்ன விசேஷம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஆமா" என்றார். "வேற எப்படிப் போடுவாக?"